சிஎன்ஜி காரில் சைக்கிள் ஏற்றி ராமேஸ்வரம் போக எந்த ரேக் வாங்குவது?

கேள்வி இதுதான்: "மதுரையில் இருக்கிறோம். ஐந்து பேர் உட்காரும் சின்ன ஹேட்ச்பேக் கார், டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர். என்னிடம் கியர் வைத்த எம்டிபி (மவுன்டன் பைக்), மனைவியிடம் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள், மகளுக்கு 20 இன்ச், மகனுக்கு 16 இன்ச். காலாண்டு லீவில் ராமேஸ்வரம் போய் தனுஷ்கோடி ரோட்டில் குடும்பத்தோடு ஓட்ட ஆசை. அடுத்து கொடைக்கானல். கூரைமேல் வைக்கும் ரேக் வாங்கலாமா, டிக்கியில் தொங்கவிடும் ரேக் வாங்கலாமா?"

உங்கள் காருக்குக் கூரை ரேக்தான் சரி. அதிலும் இரண்டு சைக்கிளுக்கு மட்டும் வாங்குங்கள். நான்கையும் ஏற்ற வேண்டாம். கொடைக்கானலுக்கு ரேக்கே தேவையில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேறு மாதிரி கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதி உதவும். பத்து வருடத்துக்கு மேலாகக் காரில் சைக்கிள் ஏற்றிக்கொண்டு போகிறேன். கயிறு கட்டிப் போயிருக்கிறேன், டிக்கி ரேக், கூரை ரேக் இரண்டும் வைத்திருந்திருக்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டு வாசலில் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. முதலில் சைக்கிள்களை எடை போடுங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறி நில்லுங்கள், அப்புறம் சைக்கிள் இல்லாமல் நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய பேப்பர் கடைத் தராசு போதும். நம் ஊரில் விற்கும் இரும்பு ஃபிரேம் எம்டிபி 16, 17 கிலோ சாதாரணமாக வரும். குழந்தைகள் சைக்கிள் லேசாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என் மகளின் 20 இன்ச் சைக்கிளை முதன்முதலில் எடை போட்டபோது கூடை, ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் சேர்த்து 13 கிலோ காட்டியது. ஒரு நல்ல அலுமினியப் பெரிய சைக்கிளே அவ்வளவுதான் இருக்கும். அதனால் மனக்கணக்கில் போடாதீர்கள். தண்ணீர் பாட்டில், பூட்டு, கூடை, குழந்தை சீட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எடை போடுங்கள். பயணத்திலும் அவற்றைக் கழற்றிக் காருக்குள்தான் வைக்கப் போகிறீர்கள்.

அடுத்தது டேப். சைக்கிளின் நீளத்தையும் காரின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கார் வீட்டுப் போர்டிகோவுக்குள் நிற்கும் என்றால் போர்டிகோவின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். பிறகு காரோடு வந்த கையேட்டை எடுங்கள். பெரும்பாலும் அது டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருக்கும். அதில் கூரை எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒரு எண் இருக்கும். சின்னக் கார்களுக்கு அது 50 கிலோ, கொஞ்சம் பெரிய கார் என்றால் 75 கிலோ என்ற அளவில்தான் இருக்கும். சில கார்களுக்குக் கூரையில் பாரமே ஏற்றக் கூடாது என்றும் போட்டிருப்பார்கள். எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த எண்தான் கணக்கு.

இப்போது டிக்கி ரேக்குக்கு வருவோம். பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். விலை குறைவு, சில ஆயிரங்களில் முடிந்துவிடும். கழற்றி மடித்துப் பரண்மேல் போட்டுவிடலாம். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மாட்டினால் போதும். முதுகுவலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். டிக்கிக் கதவின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, இரண்டு பக்கம் என்று கொக்கிகளை மாட்டி நாடாவை இறுக்கினால் ரேக் நின்றுவிடும்.

ஆனால் உங்கள் கார் சிஎன்ஜி. ரேக்கை மாட்டிச் சைக்கிளையும் ஏற்றிவிட்டால் டிக்கியைத் திறக்க முடியாது. சிலிண்டரை மூடும் கைவால்வு டிக்கிக்குள்தான் இருக்கிறது. வழியில் கேஸ் வாசனை வந்தால் முதலில் செய்ய வேண்டியது வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, அந்த வால்வை மூடுவது. அந்த நேரத்தில் மூன்று சைக்கிளை அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. சிலிண்டரின் கனமும் ஏற்கெனவே பின்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் வெளியே, பம்பரைத் தாண்டி, இன்னொரு 45, 50 கிலோவைத் தொங்கவிட்டால் பின் ஸ்பிரிங்குக்கு நல்லதல்ல. சிஎன்ஜி வைத்த சின்னக் காருக்கு டிக்கி ரேக் வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வது இதனால்தான்.

பெட்ரோல், டீசல் காருக்கும் டிக்கி திறக்காத பிரச்சினை உண்டு. ஒருமுறை பரமக்குடி தாண்டிப் பின் டயர் பஞ்சர் ஆனது. மதியம் ஒரு மணி, மே மாதம். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் டிக்கியில் தரைக்குக் கீழே. மூன்று சைக்கிளையும் இறக்கி ரோட்டோரக் கருவேல நிழலில் சாய்த்து, ரேக்கைக் கழற்றி, பைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் டயருக்கே போக முடிந்தது. திரும்ப எல்லாவற்றையும் மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. குழந்தைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த தயிர்சாதமும் டிக்கிக்குள்தான் இருந்தது. அதிலிருந்து டிக்கி ரேக் மாட்டிப் போகும்போது ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர், சாப்பாடு, மருந்துப் பை எல்லாம் சீட்டுப் பக்கம் வந்துவிடும்.

இன்னொரு விஷயம் நீளம். 27.5 இன்ச் சக்கரம் வைத்த சைக்கிள் நுனிக்கு நுனி சுமார் 180 சென்டிமீட்டர் வரும். பெரும்பாலான சின்னக் கார்களின் அகலம் 160லிருந்து 175 சென்டிமீட்டர். சைக்கிளைக் குறுக்கே மாட்டினால் சக்கரம் காரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டுபவர் கண்ணாடியில் அது தெரிந்தாலும், நம்மை ஒட்டி முந்தும் பைக்காரருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 (1ஏ) பிரிவில், வண்டியின் பக்கவாட்டைத் தாண்டிப் பாரம் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நீளம் 150க்குள் வந்துவிடும், பிரச்சினை முடிந்தது. டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடு இரண்டுக்கும் நடுவே அட்டையை மடித்துச் செருகிவிடுங்கள். சக்கரம் இல்லாதபோது குழந்தை விளையாட்டாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டால், ஹைட்ராலிக் பிரேக்கில் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். திரும்பப் பிரித்தால்தான் சக்கரம் உள்ளே போகும்.

நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறையக் கூடாது. வெளிநாட்டில் சைக்கிளுக்குப் பின்னால் தனியாக ஒரு விளக்குப் பலகையில் இன்னொரு நம்பர் பிளேட் மாட்டிக்கொள்வார்கள். நம்மிடம் இருப்பது ஹோலோகிராமும் லேசர் எண்ணும் வைத்து, கழற்றினால் உடையும் பூட்டோடு வரும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். நாமாக ஸ்டிக்கர் கடையில் ஒன்று அடித்து மாட்டிக்கொள்ள முடியாது. பிளேட் பம்பரில் இருக்கும் கார் என்றால் டிக்கி ரேக் ஓரளவு ஒத்துவரும். டிக்கிக் கதவின் நடுவில் பிளேட் இருந்தால் மூன்றாவது சைக்கிள் அதை மறைத்தே தீரும்.

பார் இல்லாத லேடீஸ் சைக்கிளைத் தொங்கும் ரேக்கில் மாட்டுவதும் எளிதல்ல. ரேக்கின் இரண்டு கைகளும் பிடிக்க ஒரு கிடைமட்டமான பார் வேண்டும். சீட் தண்டிலிருந்து ஹேண்டில் தண்டுவரை தற்காலிகமாகப் பூட்டும் ஒரு பார் தனியாக விற்கிறார்கள். அது இல்லாமல் மாட்டினால் சைக்கிள் சாய்ந்து தொங்கும், கீழ்ச் சக்கரம் தரைக்கு நெருங்கும். நம் தெருக்களின் வேகத்தடையும் வீட்டு வாசல் சரிவும் தெரியும்தானே. சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேரே வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் டயர் இளகிவிடும்.

உங்களுக்கு டிக்கி ரேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் வாங்கப் போகிறவர்கள் பின்கதவை ஒருமுறை தடவிப் பார்த்துவிட வேண்டும். மேல் கொக்கி மாட்டும் இடத்தில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருக்கிறதா? இருந்தால் கொக்கி அதன்மேல்தான் உட்காரும், பாரம் ஏறினால் அது உடையும். கொக்கி இரும்புத் தகட்டின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். பெயின்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேக்கின் ரப்பர்த் திண்டு படும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, அப்புறம் மாட்டுங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசு ரப்பருக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், இருநூறு கிலோமீட்டர் அதிர்வில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். என் பழைய காரின் டிக்கியில் இரண்டு வட்டத் தழும்பு கடைசிவரை இருந்தது.

சரி, கூரை. அம்பாசடர், ஆம்னி காலத்தில் கூரையைச் சுற்றி மழைநீர் ஓடும் ஒரு விளிம்பு இருக்கும். கேரியரின் கால்கள் அதில் கவ்விக்கொள்ளும். எந்தக் கேரியரும் எந்த வண்டிக்கும் பொருந்தியது. இன்றைய கார்களில் அந்த விளிம்பே இல்லை. அதனால் கூரையில் பிடிமானம் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. நீளவாக்கில் கம்பி இருக்கும் கார் என்றால் குறுக்குப் பார்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பல கார்களில் அந்தக் கம்பி வெறும் அழகுக்கு ஒட்டிய பிளாஸ்டிக். தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கையேட்டைப் பாருங்கள். கம்பி இல்லாத கார்களுக்குக் கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பைக் கவ்வும் கால்கள் உண்டு. அவை ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனி வளைவோடு வரும். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று எழுதிய பெட்டியை இந்த ஒரு பொருளில் மட்டும் வாங்காதீர்கள். உங்கள் காரின் பெயரும் வருடமும் பொருத்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பார்கள், கால்கள், சைக்கிளை நிறுத்திப் பூட்டும் இரண்டு தட்டு எல்லாம் சேர்த்து நல்ல கம்பெனிப் பொருள் என்றால் டிக்கி ரேக்கைவிடப் பல மடங்கு செலவாகும். அதைத் தெரிந்தேதான் சொல்கிறேன். தலைக்கு மேல் முப்பது கிலோவை வைத்துக்கொண்டு எண்பதில் போகப் போகிறோம். பின்னால் வருகிற வண்டியிலும் ஒரு குடும்பம் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். கூரை அளவு 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குறுக்குப் பாரும் கால்களும் 5 கிலோ. ஒரு சைக்கிள் தட்டு 4 கிலோ வீதம் இரண்டுக்கு 8. மீதி 37 கிலோ. உங்கள் எம்டிபி 16, லேடீஸ் சைக்கிள் 15 என்றால் 31, உள்ளே வந்துவிடும். மூன்றாவதாக மகளின் 12 கிலோ சைக்கிளும் அதன் தட்டும் சேர்ந்தால் கணக்கு உடைந்துவிடும். பாரின் எடையும் தட்டின் எடையும் கூரையின் கணக்கில்தான் சேரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தனி எடை வரம்பும் இருக்கும், அதையும் பாருங்கள்.

தட்டில் இரண்டு வகை. ஒன்றில் முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைப் பூட்ட வேண்டும். உறுதியானது, உயரமும் குறையும். ஆனால் குழந்தைகள் சைக்கிளிலும் நம் ஊர் சாதா சைக்கிள்களிலும் நட்டுப் போட்ட அச்சுதான் இருக்கும், அதில் பெரும்பாலும் பொருந்தாது. இன்னொன்றில் சைக்கிள் இரண்டு சக்கரத்தோடு நிற்கும். ஒரு கை எழுந்து வந்து ஃபிரேமின் கீழ்ச் சாய்வுக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். குடும்பத்துக்கு இதுதான் வசதி. வாங்கும் முன் 20 இன்ச் சைக்கிளைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். சின்ன ஃபிரேமில் அந்தக் கை உட்கார இடம் இருக்கிறதா, மட்கார்டு சக்கர நாடாவை இடிக்கிறதா என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் இந்தக் கை வகையை விட்டுவிட வேண்டும். சக்கரத்தை மட்டும் பிடிக்கும் வகை இருக்கிறது, அதற்குப் போகலாம்.

கூரை ரேக்கின் ஆபத்து உயரம். கார் 150 சென்டிமீட்டர், பாரும் தட்டும் 10, சைக்கிள் 105 என்று போட்டால் 265 வருகிறது. என் மைத்துனர் ஒருமுறை ராமநாதபுரத்தில் ஒரு விடுதிக்கு ராத்திரி பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார். ஆறு மணி நேரம் ஓட்டிய களைப்பு, பின்சீட்டில் பிள்ளைகள் தூக்கம். சைக்கிள் மேலே இருக்கும் ஞாபகமே இல்லாமல் பார்க்கிங் வாசலுக்குள் நுழைந்தார். வாசல் உத்தரத்தில் ஹேண்டில் இடித்து, தட்டு பின்பக்கமாகப் பிடுங்கிக்கொண்டு வந்து கூரைத் தகடே குழிந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. சத்தத்தில் எழுந்த சின்னப் பையன் அழுகையை நிறுத்த வெகுநேரம் ஆனது என்று அக்கா இன்றும் சொல்வாள். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். சைக்கிள் மேலே ஏறியதும் மொத்த உயரத்தை ஒரு சீட்டில் பெரிதாக எழுதி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவோம். சைக்கிள் இறங்கும்வரை சீட்டும் இறங்காது. ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதை, உயரத் தடுப்புக் கம்பி, விடுதி போர்டிகோ, பழைய ரோட்டில் தாழ்ந்து வரும் புளியமரக் கிளை, எல்லாவற்றுக்கும் அந்தச் சீட்டுதான் பதில் சொல்லும்.

"எதுக்கு இவ்வளவு செலவு, டிராவல்ஸ் வண்டி மாதிரி இரும்புக் கேரியர் போட்டுக் கயிறு கட்டினால் என்ன" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். படுக்கவைத்துக் கட்டுவதில் காரைவிடச் சைக்கிளுக்குத்தான் சேதம். ஒன்றின் பெடல் இன்னொன்றின் ஸ்போக்குக்குள் போகும், கியர் மாற்றும் டிரெய்லியர் வளையும், டிஸ்க் கோணும். வேறு வழியே இல்லாமல் கட்டினால் செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவையுங்கள். சைக்கிளுக்குச் சைக்கிள் நடுவில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள், பெடலைக் கழற்றிவிடுங்கள். கயிறு கட்டும் விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கீழவாசல் பக்கம் லோடு ஏற்றும் ஒரு பெரியவர். "தம்பி, கட்டி முடிச்சதும் கயித்தை விரலால சுண்டிப் பாரு. டங்குன்னு சத்தம் வரணும். பொத்துன்னு கேட்டா அவுத்துக் கட்டு" என்றார். இன்று பக்கிள் வைத்த நாடாவை இறுக்கும்போதும் அப்படித்தான் சுண்டிப் பார்க்கிறேன். வெல்டிங் பட்டறையில் சொல்லி ரேக்கே செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். கீழ்ச்சட்டம் செய்துகொள்ளலாம், தப்பில்லை. சைக்கிளைப் பிடிக்கும் கவ்வியும் கூரையைக் கவ்வும் காலும் மட்டும் பட்டறையில் செய்ய வேண்டாம். அதிர்வில் வெல்டிங் விடுவது வெளியே தெரியாது.

பின்னால் இழுவைக் கொக்கி பொருத்தி அதில் மாட்டும் ரேக்தான் உலகம் முழுக்கச் சிறந்ததாகச் சொல்கிறார்கள். உண்மைதான். தூக்கும் உயரம் குறைவு, கார் பெயின்டைத் தொடாது. ஆனால் நம் ஊர்ச் சின்னக் கார்களுக்கு அந்தக் கொக்கி கம்பெனியிலிருந்து வருவதில்லை. வெளியில் சேஸியில் துளை போட்டுப் பொருத்துவதை நான் சொல்ல மாட்டேன். தார், ஜிம்னி மாதிரி ஸ்டெப்னி பின்கதவிலேயே தொங்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஸ்டெப்னியில் மாட்டும் ரேக் கிடைக்கிறது. அவர்களுக்கு அது நல்ல வழி.

இப்போது உங்கள் குடும்பக் கணக்குக்கு வருகிறேன். நான்கு பேர், நான்கு சைக்கிள் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் தனுஷ்கோடி ரோட்டை யோசித்துப் பாருங்கள். ராமேஸ்வரம் ஊரிலிருந்து அந்த ரோடு முடியும் அரிச்சல்முனை ஒரு வழிக்கே சுமார் 20 கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத ரோடு, இரண்டு பக்கமும் கடல், ஆனால் நிழல் என்று ஒரு மரம் கிடையாது. காற்று ஓயாது. 16 இன்ச் சைக்கிளில் போகும் பையன் இரண்டு கிலோமீட்டரில் கால் ஓய்ந்துவிடுவான். அப்போது அவனோடு ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும், காரையும் யாராவது ஓட்டி வர வேண்டும். ஆக எந்த நேரத்திலும் சைக்கிளில் இருக்கப் போவது ஒரு பெரியவரும் மகளும்தான். மற்றவர் பையனைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் காரில் மெதுவாக வருவார். பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம். மகளும் அம்மாவும் காற்றை எதிர்த்துச் சேர்ந்து மிதிப்பது அப்பாவோடு போவதிலிருந்து வேறு மாதிரி இருக்கும். அதைப் பிள்ளை ஞாபகம் வைத்துக்கொள்வாள்.

அதனால் ஒரு பெரிய சைக்கிள், மகளின் 20 இன்ச், இரண்டு போதும். பெரியதில் எது என்றால் லேடீஸ் சைக்கிளைத்தான் சொல்வேன். சீட்டை ஏற்றி இறக்கி இருவரும் ஓட்டலாம். சீட் தண்டில் உங்கள் உயரத்துக்கும் மனைவியின் உயரத்துக்கும் மார்க்கரால் இரண்டு கோடு போட்டுவிட்டால் மாற்ற அரை நிமிடம். பார் இல்லாததும் கூரைத் தட்டில் பிரச்சினை இல்லை, கீழ்ச் சாய்வுக் குழாயைக் கை பிடித்துக்கொள்ளும். அந்தக் குழாய் ரொம்பத் தாழ்வாக வளைந்திருந்தால் மட்டும் கடையில் மாட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் எம்டிபியைக் கொண்டுபோங்கள். 15, 12, பாரும் தட்டும் 13, மொத்தம் 40 கிலோ. கூரைக்கு இன்னும் 10 கிலோ இடைவெளி இருக்கும், அதைத் தொட வேண்டாம். மகனின் 16 இன்ச் சைக்கிளைக் காருக்குள் பின்சீட்டில் செருகிக்கொண்டு போகாதீர்கள். அடித்துப் பிரேக் போட்டால் அந்த இரும்பு குழந்தைகள்மேல்தான் வரும். டிக்கியில் சிலிண்டர் போக மிச்ச இடத்தில் சக்கரம் கழற்றி வைக்க முடிந்தால் வையுங்கள், வால்வு கைக்கு எட்ட வேண்டும். முடியாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும்.

கிளம்பும்போது இரவே ஏற்றிவைக்காதீர்கள், காலையில் வெளிச்சத்தில் ஏற்றுங்கள். இரண்டு பேர் தூக்குங்கள், ஒருவர் முன்பக்கம், ஒருவர் சீட்டுப் பக்கம். சைக்கிள்களை எதிர் எதிர்த் திசையில் நிறுத்தினால் ஹேண்டில்கள் ஒன்றையொன்று இடிக்காது. சக்கர நாடாவை இறுக்கியபின் மீதி வால் காற்றில் படபடக்கும். கூரையில் அது அடிக்கும் சத்தம் உள்ளே மத்தளம் மாதிரி கேட்கும், நாடாவும் நைந்துவிடும். அதைச் சுற்றி முடிந்துவிடுங்கள். பெடல் சுற்றாமலிருக்க ஒரு துண்டுப் பழைய டியூபால் கிராங்கை ஃபிரேமோடு கட்டிவிடுங்கள். சைக்கிள் கடையில் கேட்டால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். பழைய டியூப் இழுபட்டு நிற்கும், வழுக்காது, பெயின்டைக் கீறாது. கடையில் விற்கும் எந்த நாடாவையும்விட இந்த வேலைக்கு அதைத்தான் நம்புகிறேன். தூசு, மழைக்குப் பயந்து சைக்கிளைத் தார்ப்பாயால் மூட வேண்டாம், அது பாய்மரம் ஆகிவிடும். சீட்டுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை போதும்.

சிலைமான் தாண்டி எங்காவது டீக்கு நிறுத்துங்கள், முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள். நாடாவும் ரப்பரும் அதற்குள் ஒருமுறை உட்கார்ந்து இளகியிருக்கும். எல்லா நாடாவையும் திருகையும் திரும்ப ஒருமுறை இறுக்குங்கள். அடுத்தது மானாமதுரை, அப்புறம் ராமநாதபுரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சைக்கிளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சைக்கிள் ஆடினால் காரும் சேர்ந்து ஆட வேண்டும். சைக்கிள் மட்டும் ஆடினால் எங்கோ தளர்ந்திருக்கிறது. எண்பதைத் தாண்ட வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், மைலேஜ் குறைவதும் தெரியும். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். 1988ல் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், கடலுக்கு மேல் உயரத்தில் பக்கக்காற்று நேராக வந்து மோதும். மேலே இரண்டு சைக்கிளோடு கார் லேசாக ஒரு பக்கம் தள்ளப்படுவது ஸ்டீயரிங்கில் தெரியும். நாற்பதில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனால் பயமில்லை.

அரிச்சல்முனைக்கு விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் வேன்களும் சேர்ந்துகொள்ளும். திரும்பி வந்ததும் அன்றைக்கே விடுதியில் ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டுச் சைக்கிளைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றும் மணலும் பட்ட செயின் இரண்டே நாளில் சிவந்துவிடும். ரேக்கின் நட்டு போல்ட்டையும் அப்படியே துடைத்துவிடுங்கள். அதை மறந்த வருடம், வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத் தட்டைக் கழற்ற முடியாமல் போல்ட்டை அறுக்க வேண்டியிருந்தது.

கொடைக்கானலுக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அங்கே ஏரியைச் சுற்றி ஓட்ட வாடகைச் சைக்கிள் காலங்காலமாகக் கிடைக்கிறது. சுற்று சுமார் 5 கிலோமீட்டர்தான். குழந்தைகள் அளவுக்கும் கிடைக்கும். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது வளைவுக்கு வளைவு மேல்பாரம் காரைச் சாய்க்கும், எதிரே பஸ் வரும்போது ஓரம் ஒதுங்கினால் கிளைகள் சைக்கிளில் உரசும். ஒரு மணி நேரச் சவாரிக்காக அதைச் சுமக்க வேண்டியதில்லை. இ-பாஸ் எடுப்பதை மறக்காதீர்கள், அது 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம்.

ரேக் வந்து பொருத்தியதும் நேராக ராமேஸ்வரம் கிளம்பிவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அழகர்கோவில் வரை போங்கள். போக 20 கிலோமீட்டர் சொச்சம்தான். அடிவாரத்தில் இறக்கி, கோட்டைச் சுவர் ஓரமாகப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் ஓட்டவிட்டு, திரும்ப ஏற்றுங்கள். இறக்கி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த ஸ்பேனர் வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்கள், யார் எந்தப் பக்கம் தூக்குவது, எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். மூன்றாம் தடவை பத்து நிமிடத்தில் முடிப்பீர்கள்.